சூரியனை நிலா மறைக்கும்போது உச்சி வானத்தில் நடப்பது என்ன?

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ந் தேதி. அமெரிக்காவில் அன்று முழு சூரிய கிரகணம்.

மெக்சிகோவில் கரையேறிய நிலாவின் நிழல், அமெரிக்காவின் குறுக்கே ஓடி, கனடா வரை சென்றது. தெருக்களிலும் மைதானங்களிலும் மக்கள் திரள் திரளாகக் கூடினார்கள். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

அதே நேரத்தில் வர்ஜீனியா மாநிலத்தின் கடற்கரையில், வாலப்ஸ் என்ற இடத்தில், சில விஞ்ஞானிகளுக்கு வேறு வேலை இருந்தது. அவர்கள் முன்னால் மூன்று ராக்கெட்டுகள் தயாராக நின்றன.

கிரகணம் உச்சத்தை அடைவதற்குச் சுமார் முக்கால் மணி நேரம் முன்பு முதல் ராக்கெட் சீறிப் பாய்ந்தது. உச்சத்தின்போது இரண்டாவது. முக்கால் மணி நேரம் கழித்து மூன்றாவது.

சூரியனைப் படம் பிடிக்கவா இந்த ராக்கெட்டுகள்? இல்லை. நிலாவுக்குப் போகவா? அதுவும் இல்லை. நம் தலைக்கு மேலே உள்ள காற்று மண்டலத்தின் உச்சியைத் தொட்டுப் பார்க்கவே அவை போயின!

சூரியன் மறைந்த சில நிமிடங்களில் அங்கே என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு பாடு ஏன்? இது நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு சுவையான கதை.

ஆகாயத்தின் மேல் மாடி

நாம் வாழும் இந்தக் காற்று மண்டலம் ஒரு பெரிய மாடி வீடு போன்றது.

கீழ் வீட்டில் நாம் இருக்கிறோம். மேகம், மழை, புயல் எல்லாம் இங்கேதான். பெரிய பயணி விமானங்கள் சுமார் 10 கிலோ மீட்டர் உயரத்தில் பறக்கின்றன.

அதற்கு மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே போகிறது. சுமார் 60 கிலோ மீட்டருக்கு மேல், புதிய மாடி ஒன்று ஆரம்பமாகிறது. அது பல நூறு கிலோ மீட்டர் உயரம் வரை பரவிக் கிடக்கிறது. அதற்கு அயனி மண்டலம் என்று பெயர்.

அங்கே என்ன விசேஷம்?

சூரியனிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும், ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்க உதவுமே, அந்த எக்ஸ்ரே கதிர்களும் வருகின்றன. இவற்றில் மிகக் கடுமையானவை நேராக நம் மீது விழுந்தால் உயிர்களுக்கு ஆபத்து.

மேல் மாடியில் உள்ள மெல்லிய காற்று அவற்றைத் தாங்கிக்கொள்கிறது. தாங்கும்போது அங்குள்ள அணுக்கள் உடைகின்றன. அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் என்ற மிகச் சிறிய மின்சாரத் துகள் வெளியே வந்துவிடுகிறது.

இப்படி வெளியே வந்த எலக்ட்ரான்கள் கோடானு கோடி. அவை நிறைந்த மின்சாரக் கடல்தான் அயனி மண்டலம்.

காலையில் பிரிந்து மாலையில் சேரும்

சூரியன் இருக்கும்வரை இந்த உடைப்பு நடந்துகொண்டே இருக்கும். சூரியன் மறைந்தால்?

காலையில் தாயைப் பிரிந்த ஆட்டுக்குட்டிகள், பொழுது சாய்ந்ததும் தாயைத் தேடி ஓடி வருகின்றன அல்லவா? அதுபோலத்தான். பகலில் பிரிந்த எலக்ட்ரான்கள், சூரியன் போனதும் திரும்ப அணுக்களோடு சேர்ந்துகொள்கின்றன.

மேல் மாடியின் அடித்தளத்தில் காற்று ஓரளவு அடர்த்தி. பட்டியில் ஆடுகள் நெருக்கமாக நின்றால் குட்டி தாயை உடனே கண்டுபிடித்துவிடும். அங்கே சில நிமிடங்களில் எலக்ட்ரான்கள் அணுக்களைச் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே இரவில் அந்த அடித்தளம் கிட்டத்தட்ட மறைந்தே போகிறது.

200, 300 கிலோ மீட்டர் உயரத்தில் காற்று மிக மிக மெல்லியது. பெரிய காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரியும் ஆடுகளைப் போல. குட்டி தாயைச் சேர வெகு நேரம் ஆகும். ஆகவே அங்கே இரவிலும் எலக்ட்ரான்கள் மிச்சம் இருக்கின்றன.

ராத்திரியில் கேட்கும் ரேடியோ

இந்த மாற்றத்தை நம் பெரியவர்கள் பல முறை காதால் கேட்டிருக்கிறார்கள்.

பழைய ரேடியோப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பகலில் மத்திய அலையில் பக்கத்து ஊர் ஸ்டேஷன்கள் மட்டும் கேட்கும். இருட்டியதும் எங்கோ தூரத்தில் உள்ள ஸ்டேஷன்கள் கூடத் தெளிவாகக் கேட்க ஆரம்பிக்கும்!

காரணம் என்ன? பகலில் மேல் மாடியின் அடித்தளம் ரேடியோ அலைகளை விழுங்கிவிடுகிறது. இரவில் அந்தத் தளம் மறைந்துவிடுவதால், அலைகள் இன்னும் மேலே போகின்றன. அங்கே உள்ள எலக்ட்ரான் கூட்டத்தில் பட்டு, சுவரில் அடித்த பந்துபோலப் பூமிக்குத் திரும்புகின்றன. அதனால் நெடுந்தூரம் போய்ச் சேருகின்றன.

ஆனால் இப்படி ஒரு மேல் மாடி இருப்பதே ஒரு காலத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது!

காற்றாடி தந்த புதிர்

1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி. இத்தாலியைச் சேர்ந்த மார்க்கோனி, கனடாவுக்கு அருகே நியூபவுண்ட்லாந்து தீவில், ஒரு குன்றின் மீது இருந்தார். பலத்த காற்றில் ஒரு காற்றாடியைப் பறக்கவிட்டு, அதில் கம்பியைக் கட்டியிருந்தார்.

இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் உள்ள போல்டு என்ற இடத்திலிருந்து அவருடைய ஆட்கள் ரேடியோவில் மூன்று புள்ளிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். தந்தி மொழியில் அது 'எஸ்' என்ற எழுத்து. அட்லாண்டிக் கடலைத் தாண்டி, மூவாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், அந்த ஒலி தமக்குக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார்.

உலகம் வியந்தது. விஞ்ஞானிகளோ குழம்பினார்கள். பூமி உருண்டை. ரேடியோ அலை நேராகப் போகும். அப்படியானால் அது வளைந்து கடலைத் தாண்டியது எப்படி?

மறு ஆண்டே, 1902-ல், அமெரிக்காவில் கென்னலி என்பவரும், இங்கிலாந்தில் ஹெவிசைடு என்பவரும் ஒரு யோசனை சொன்னார்கள். "வானத்தின் உச்சியில் மின்சாரம் கடத்தும் ஒரு படலம் இருக்கவேண்டும். அதில் பட்டுத்தான் அலை திரும்புகிறது" என்பது அவர்கள் கருத்து.

இருவரும் ஊகித்தார்கள். நிரூபிக்க 22 ஆண்டுகள் ஆயின.

1924-ம் ஆண்டு டிசம்பரில், எட்வர்டு ஆப்பிள்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி, பார்னெட் என்ற உதவியாளருடன் சேர்ந்து அதைச் செய்து காட்டினார். போர்ன்மவுத் நகரத்து ஒலிபரப்பு நிலையத்திலிருந்து அலைகள் கிளம்பின. ஆக்ஸ்போர்டில் இருந்த கருவி அவற்றைப் பிடித்தது. மேலே பட்டுத் திரும்பிய அலை எவ்வளவு உயரம் போய் வந்தது என்று கணக்கிட்டார்கள். சுமார் 100 கிலோ மீட்டர்!

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூவினால் நம் குரலே திரும்பக் கேட்கிறது அல்லவா? கிணறு ஆழமாக இருந்தால் எதிரொலி சற்றுத் தாமதமாக வரும். அதே தந்திரம்தான். ஆப்பிள்டனுக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளியா, துகளா?

மேல் மாடி இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் அதை உண்டாக்குவது எது? இதில் ஒரு பெரிய வழக்கு எழுந்தது.

"சூரியனின் புற ஊதாக் கதிர்கள்தான் அணுக்களை உடைக்கின்றன" என்றார்கள் ஒரு சாரார்.

"இல்லை. சூரியனிலிருந்து துகள்களும் பாய்ந்து வருகின்றன. அவை மோதித்தான் அணுக்கள் உடைகின்றன" என்றார்கள் மற்றொரு சாரார்.

சூரியன் உதித்தால் இரண்டும் வரும். மறைந்தால் இரண்டும் போகும். அப்படியிருக்க, எது காரணம் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

வழக்கைத் தீர்க்க ஒரு நீதிபதி தேவைப்பட்டார். அந்த நீதிபதிதான் சூரிய கிரகணம்!

இந்த வழியை எடுத்துக் காட்டியவர் சிட்னி சாப்மன் என்ற ஆங்கிலக் கணித மேதை. அவர் யோசனை எளிமையானது.

மழையில் சைக்கிளில் போகிறவரைப் பாருங்கள். மழை நேராகத்தான் விழுகிறது. ஆனால் அவர் வேகமாகப் போவதால், அது முன்பக்கமிருந்து சாய்ந்து வந்து முகத்தில் அடிப்பதுபோல் இருக்கிறது.

பூமியும் அப்படித்தான் ஓடுகிறது. விநாடிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றி வருகிறது. ஒளியின் வேகம் மிக மிக அதிகம். விநாடிக்கு மூன்று லட்சம் கிலோ மீட்டர். ஆகையால் அதில் சாய்வு இருப்பதே தெரியாது. துகள்களுக்கு அவ்வளவு வேகம் இல்லை. எனவே அவை சற்றுச் சாய்ந்து, வேறு திசையிலிருந்து வருவதுபோல் பூமியை அடையும்.

நிலா ஒரு குடை. அது நகரும்போது, முதலில் சாய்ந்து வரும் துகள்களை மறைக்கும். பிறகுதான் ஒளியை மறைக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் இரண்டு மணி நேர வித்தியாசம் இருக்கவேண்டும் என்று சாப்மன் கணக்குப் போட்டார்.

ஆகவே தீர்ப்பு சுலபம். கிரகணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே எலக்ட்ரான்கள் குறைந்தால், துகள் கட்சிக்கு வெற்றி. கிரகணத்தோடு கூடவே குறைந்தால், ஒளிக் கட்சிக்கு வெற்றி.

1932-ல் வந்த தீர்ப்பு

1932-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி முழு சூரிய கிரகணம் வந்தது. கனடாவின் கியூபெக் பகுதியிலும், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் நிழல் விழுந்தது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் ரேடியோ ஆராய்ச்சியாளர்கள் கருவிகளோடு தயாராக இருந்தார்கள். கிரகணத்தன்று மேகம் சூழ்ந்தால், தொலைநோக்கியோடு வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள். ரேடியோக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேகத்தைத் துளைத்துக்கொண்டு ரேடியோ அலை மேலே போய்விடும்!

அலைகளை மேலே அனுப்பினார்கள். எதிரொலியைப் பதிவு செய்தார்கள்.

இரண்டு மணி நேரம் முன்பு குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நிலா சூரியனை மறைக்கத் தொடங்கியதும், சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்திலுள்ள படலத்தில் எலக்ட்ரான்கள் குறையத் தொடங்கின. சூரியன் வெளிவர, அவையும் பெருகத் தொடங்கின.

ஒளிக் கட்சி வென்றது! பகல் நேரத்தில் மேல் மாடியை உண்டாக்குவது பெரும்பாலும் சூரியனின் கண்ணுக்குத் தெரியாத கதிர்களே என்பது உறுதியாயிற்று.

துகள்களும் வருவது உண்மைதான். வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் அருகே இரவு வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஒளித்திரைகள் ஆடுகின்றனவே, அவை அந்தத் துகள்களின் வேலை.

அடுத்த ஆண்டு, 1933 ஆகஸ்டு 21-ந் தேதி, இந்தியாவில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. கல்கத்தாவில் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா தம் குழுவினருடன் மேல் மாடியை அளந்தார். பிற்காலத்தில், 1947-ல், உச்சி வானத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் உலகமெங்கும் இத்துறை மாணவர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

இரவு போதாதா?

தினந்தோறும் இரவு வருகிறதே! அதில் ஆராய்ச்சி செய்தால் போதாதா? கிரகணம் எதற்கு என்று கேட்கலாம்.

இரவு மெல்ல மெல்ல வருகிறது. பாதி உலகத்தையும் சேர்த்து மூடுகிறது. காற்று, வெப்பம் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

கிரகணம் அப்படி இல்லை. பட்டப்பகலில், ஒரு குறுகிய பாதையில் மட்டும், சிறிது நேரத்துக்கு விளக்கை அணைத்து மீண்டும் ஏற்றுவது போன்றது அது. எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எத்தனையாவது விநாடியில் அணையும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இந்தச் சுவிட்சைத் தட்ட மனிதனால் முடியாது. நிலா தட்டும்போது காத்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முழு கிரகணத்தின்போது கூட விளக்கு முழுவதும் அணைவதில்லை! நிலா சூரியத் தட்டைத்தான் மறைக்கிறது. அதைச் சுற்றிப் பரவியுள்ள கொரோனா என்ற ஒளிவட்டத்தை முழுவதும் மறைக்க முடிவதில்லை. எக்ஸ்ரே கதிர்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே பகல் 12 மணிக்கு இருட்டினாலும், மேல் மாடிக்கு அது நள்ளிரவு ஆகிவிடாது.

படகு கிழித்த தண்ணீர்

ஆற்றில் படகு வேகமாகப் போனால், அதன் மூக்கிலிருந்து இரு பக்கமும் அலை விரிந்து செல்கிறது அல்லவா? நிலாவின் நிழலும் வானத்தில் அப்படி அலை எழுப்பும் என்றால் நம்ப முடிகிறதா?

1970-ம் ஆண்டு சிமோனாஸ், ஹைன்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இதைச் சொன்னார்கள். நிழல் ஒலியைவிட வேகமாக ஓடுகிறது. நிழல் பட்ட இடத்தில் காற்று சட்டென்று குளிர்கிறது. ஓடும் இந்தக் குளிர்ச்சி, படகைப்போலக் காற்றில் அலையைக் கிளப்பவேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

கணக்குச் சரியா என்று பார்க்கத் தகுந்த வாய்ப்பு 2017-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி கிடைத்தது. அன்று நிலாவின் நிழல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஓடிக் கடந்தது.

அந்த நாட்டில் ஜி.பி.எஸ். துணைக்கோள்களின் சிக்னலைப் பிடிக்கும் நிலையங்கள் ஏராளம். அவற்றில் சுமார் 2,000 நிலையங்களின் பதிவுகளை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹேஸ்டாக் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது.

படத்தில் அலை தெளிவாகத் தெரிந்தது! நிழல் ஓடிய பாதையின் இரு பக்கமும் எலக்ட்ரான் கூட்டம் அலை அலையாக ஏறி இறங்கியிருந்தது.

அன்று வீட்டில் ரேடியோ நிலையம் வைத்துள்ள ஆர்வலர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரோடு ஒருவர் ரேடியோவில் பேசி, எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் கேட்டது என்று குறித்துக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்புகளும் விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டன.

தும்பாவிலிருந்து பறந்த ராக்கெட்

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

பூமி ஒரு பெரிய காந்தம். அதன் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் கோடியை ஒட்டிச் செல்கிறது. இந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோ மீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்சார ஆறு ஓடுகிறது. மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் இந்த ஆறு, பூமியின் மற்ற இடங்களில் இவ்வளவு பலமாக ஓடுவதில்லை.

திருவனந்தபுரத்துக்கு அருகே, தும்பா என்ற மீனவர் கிராமத்தில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு இந்தக் கோடுதான் காரணம். அங்கிருந்து முதல் ராக்கெட் 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி கிளம்பியது. திருநெல்வேலியிலும் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மின்சார ஆற்றை அளப்பது அதன் வேலைகளில் ஒன்று.

2010-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, தை மாத அமாவாசையன்று, சூரிய கிரகணம் சரியாக இந்தப் பகுதியின் மேல் வந்தது! திருவனந்தபுரம், கன்னியாகுமரி, ராமேசுவரம், தனுஷ்கோடி ஆகிய இடங்களில் மத்தியானம் ஒரு மணிக்குப் பிறகு சூரியன் நெருப்பு வளையமாக நின்றது.

கிரகணத்துக்கு முந்தின நாளும் கிரகண நாளும் தும்பாவிலிருந்து ரோகிணி ராக்கெட்டுகள் பறந்தன. முந்தின நாள் ஏன்? சாதாரண நாளில் வானம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தானே, கிரகண நாளில் என்ன மாறியது என்று சொல்ல முடியும்? வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கத் தாய் தன் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பது போன்றது இது.

அன்று கருவிகள் காட்டியது ஓர் அதிசயம். கிழக்கே ஓடவேண்டிய மின்சார ஆறு, திசை மாறி மேற்கே ஓடியது!

இந்த ஆறு சில நாட்களில் கிரகணம் இல்லாமலே திசை மாறுவது உண்டு. அமாவாசையை ஒட்டி நிலாவின் இழுப்பும் காற்று மண்டலத்தை அசைக்கிறது. ஆகையால் கிரகணத்தின் பங்கு எவ்வளவு, நிலாவின் இழுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பதே விஞ்ஞானிகளுக்கு வேலையாயிற்று.

சூரியனைத் துரத்தும் பாம்பு

மீண்டும் வாலப்ஸ் கடற்கரைக்குப் போவோம்.

அங்கே பறந்த மூன்று ராக்கெட்டுகளும் புதியவை அல்ல. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2023 அக்டோபர் 14-ந் தேதி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் பாலைவனத்தில் வளைய கிரகணத்தின்போது பறந்தவை. விழுந்த இடத்தில் தேடி எடுத்து, பழுது பார்த்து, இரண்டாவது முறை அனுப்பினார்கள்!

இந்தத் திட்டத்தின் தலைவர் ஆரோ பர்ஜாத்யா என்ற விஞ்ஞானி. திட்டத்துக்கு 'அபெப்' என்று பெயர். பழைய எகிப்திய மக்கள் கதையில் அபெப் என்பது ஒரு பெரிய பாம்பு. சூரிய தேவனைத் துரத்திக்கொண்டே இருக்கும். அது அவனை விழுங்கப் பார்க்கும்போது கிரகணம் உண்டாகிறது என்பது கதை. ராகு, கேது கதை சொல்லி வளர்ந்த நமக்கு இது புதிது அல்லவே!

ஒவ்வொரு ராக்கெட்டும் மேலே போனதும், இரண்டு லிட்டர் சோடா பாட்டில் அளவுள்ள நான்கு சிறு கருவிகளை வெளியே விட்டது. ஒரே நேரத்தில் பல இடங்களில் அளப்பதற்காக இந்த ஏற்பாடு.

நியூ மெக்சிகோவில் கிடைத்த முடிவு இது: நிழல் கடந்தபோது மின்சாரத் துகள்கள் சட்டென்று குறைந்தன. இரண்டாவது, மூன்றாவது ராக்கெட்டுகள் போனபோது, ரேடியோத் தொடர்பைப் பாதிக்கக்கூடிய அளவுக்குக் கலக்கம் இருந்தது. முதல் ராக்கெட் போனபோது அந்தக் கலக்கம் இல்லை.

நமக்கு என்ன லாபம்?

எங்கோ உயரத்தில் எலக்ட்ரான் குறைந்தால் நமக்கு என்ன என்று தோன்றலாம்.

கடலில் போகும் மீனவர் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்துத்தான் கரைக்குத் திரும்புகிறார். விமானம் இறங்குவதற்கும், கையில் உள்ள செல்போன் வழி காட்டுவதற்கும் துணைக்கோளின் சிக்னல் வேண்டும். அந்தச் சிக்னல் அயனி மண்டலத்தைக் கடந்துதான் வரவேண்டும். அங்கே எலக்ட்ரான் அதிகமானால் சிக்னல் சற்றுத் தாமதமாகும். கருவி இடத்தைப் பல மீட்டர் தவறாகக் காட்டும்.

இந்தத் தவற்றைத் திருத்தி விமானங்களுக்குச் சரியான இடத்தைச் சொல்லவே இந்தியா 'ககன்' என்ற ஏற்பாட்டை அமைத்தது. மேல் மாடி எப்போது எப்படி மாறும் என்று எவ்வளவு நன்றாகத் தெரிகிறதோ, அவ்வளவு சரியாகத் திருத்த முடியும். அதற்குக் கிரகணம் ஒரு பரீட்சை. நம் கணக்கு சரியா, தவறா என்று வானமே மார்க்குப் போட்டுவிடும்!

விஷக் கதிர் வருகிறதா?

கிரகணம் என்றால் பல வீடுகளில் இன்றும் பயம் உண்டு. "அந்த நேரத்தில் விஷக் கதிர்கள் இறங்குகின்றன. கர்ப்பிணிப் பெண்கள் வெளியே வரக்கூடாது. சமைத்த சோறு கெட்டுவிடும்" என்று சொல்வார்கள்.

1932-ல் இருந்து உச்சி வானத்தை அளந்துவரும் கருவிகள் என்ன சொல்கின்றன?

கிரகணத்தின்போது சூரியக் கதிர்கள் கூடினால், மேல் மாடியில் எலக்ட்ரான்கள் பெருகவேண்டும். அளந்தபோதெல்லாம் நேர் எதிராகவே நடந்தது. எலக்ட்ரான்கள் குறைந்தன. அதாவது, கிரகண நேரத்தில் கடுமையான கதிர்கள் வழக்கத்தைவிடக் குறைவு!

வயிற்றில் உள்ள குழந்தைக்கோ, பானையில் உள்ள சோற்றுக்கோ கிரகணத்தால் ஆபத்து இல்லை. ஆபத்து ஒன்றே ஒன்றுக்குத்தான். அது கண்.

மற்ற நாட்களில் சூரியனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கூச்சத்தில் கண் தானே மூடிக்கொள்ளும். கிரகணத்தில் வெளிச்சம் குறைவதால் கூச்சம் குறைகிறது. ஆசையில் வெகு நேரம் பார்க்கிறோம். மிச்சமிருக்கும் சிறு பிறைச் சூரியனே கண்ணின் உட்திரையைச் சுட்டுவிடும். வலியும் தெரியாது. ஆகவே வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது. கிரகணத்துக்கென்றே தரமாகச் செய்த கண்ணாடி வேண்டும்.

கண்ணாடி கிடைக்கவில்லையா? ஓர் அட்டையில் ஊசியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் வழியாக விழும் ஒளியை வெள்ளைத் தாளில் பிடித்துப் பாருங்கள். சின்னஞ்சிறு பிறைச் சூரியன் தெரியும். வேப்பமரத்தடியில் போய் நின்றாலும் போதும். இலை இடுக்குகளின் வழியே தரையெல்லாம் பிறை பிறையாக விழுந்து கிடக்கும்!

மதுரைக்கு வரும் வளையம்

2031-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி வளைய சூரிய கிரகணம். அதன் பாதை கேரளத்தில் கொச்சி, ஆலப்புழை வழியாக வந்து, தமிழ்நாட்டில் தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாகக் கடலில் இறங்கும். காந்த நடுக்கோட்டுக்கு வெகு தூரம் இல்லாத பாதை அது.

அன்றும் விஞ்ஞானிகளுக்கு வேலை இருக்கும். உச்சி வானத்தில் மின்சார ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கருவிகள் எழுதிக்கொண்டிருக்கும்.

இன்று பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் அன்று அந்த வளையத்தைப் பார்க்கலாம். கதவைச் சாத்திக்கொள்ளாமல், கண்ணை மட்டும் காத்துக்கொண்டு, தெருவுக்கு வந்து பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கைக்கு, "இப்போது நம் தலைக்கு மேலே நூறு கிலோ மீட்டரில் என்ன நடக்கிறது தெரியுமா?" என்று கேட்டு, இந்தக் கதையைச் சொல்லலாம்!